பிள்ளையின் உடலும் அறிவும் உறவும் மனமும்: வன்னிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிறை பார்க்கும் நாளில் கிளினிக் வாசலிலும், தை மாதத்தில் பிள்ளையை முன்பள்ளியில் சேர்க்க வரும்போதும் தாய்மார் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தவையாகவே இருக்கின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் பிள்ளை வளர்ப்போருக்காக அவற்றையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம். பிறப்பு முதல் முன்பள்ளிப் பருவம் வரையான காலத்துக்கே கூடிய இடம் கொடுத்திருக்கிறோம்.

வளர்ச்சி என்றும் விருத்தி என்றும் இரண்டு சொற்கள் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

அல்ல. வளர்ச்சி என்பது அளக்கக்கூடியது. பிறந்தபோது இருந்த நிறை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இரு மடங்காகவும் ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆவதும், 50 சென்ரிமீற்றர் அளவில் பிறந்த பிள்ளை முதலாவது பிறந்தநாளில் 75 சென்ரிமீற்றர் அளவுக்கு நீள்வதும் வளர்ச்சி. அந்த உடலைக்கொண்டு பிள்ளை புதிதாக எதைச் செய்யக் கற்றுக்கொள்கிறது என்பது விருத்தி. உடல், அறிவு, சமூகம், மனவெழுச்சி என்று விருத்தியை நான்காகப் பிரித்து எழுதுவது நமது வசதிக்காகவே. பிள்ளைக்குள் அவை பிரிந்து கிடப்பதில்லை.

ஒன்பது மாதப் பிள்ளை ஒன்று விறாந்தையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முற்றத்துக் கோழி படியேறி வருகிறது. பிள்ளை கோழியைப் பார்க்கிறது. அடுத்த கணம் திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாய் சிரித்தால் கையை ஊன்றித் தவழ்ந்து கோழியை நோக்கிப் போகிறது. தாயின் முகம் பயந்து சுருங்கினால் இருந்த இடத்திலேயே அழத் தொடங்குகிறது. தவழ்ந்தது உடல், கோழியை வேறொரு உயிர் என இனங்கண்டது அறிவு, முகம் பார்த்துக் கேட்டது உறவு, துணிந்ததோ பயந்ததோ மனம். நான்கும் நடந்து முடிய மூன்று விநாடி போதும். இந்தப் பக்கத்தில் உள்ள விடைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த மூன்று விநாடியைப் பற்றியவைதான்.

என் மகனுக்குப் பதின்மூன்று மாதம், இன்னும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

இந்த ஒரு விடயத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமான், கானா, நோர்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நலமான பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2006 இல் வெளியிட்ட அளவுகளின்படி, தனியே நடக்கத் தொடங்கும் காலம் எட்டாம் மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்திருக்கிறது. நடுவளவு 12 மாதம். துணையின்றி அமர்ந்திருப்பது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்துக்குள்ளும், தவழ்வது 5 முதல் 13 மாதத்துக்குள்ளும், பிடியின்றி நிற்பது 7 முதல் 17 மாதத்துக்குள்ளும் நிகழ்ந்தன. அப்பிள்ளைகளில் நூற்றுக்கு நான்கு பேரளவில் கைகால் ஊன்றித் தவழாமலேயே எழுந்து நடந்தார்கள். ஆகவே தவழாத பிள்ளையைப் பார்த்து ஊர் சொல்லும் கதைகளுக்கு அதிகம் காது கொடுக்க வேண்டியதில்லை.

நம் புலவர்களும் இந்தக் கணக்கை ஓரளவு கண்டுவைத்திருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, அதாவது கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுதல். ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, அதாவது கைகொட்டுதல். ஒரு வயதையொட்டி வருகை, அதாவது தளர்நடை. மாதக் கணக்கில், இவ்வகைப் பாடல்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதுகூடப் பொருத்தமானதே, ஏனெனில் பிள்ளைகளும் அப்படித்தான்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, இரண்டு வயது வரை, பிறந்த நாளிலிருந்தன்றிப் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தை எண்ணுங்கள். இருத்தி ஓடவிடும் சக்கர வோக்கர் வேண்டாம். அது நடையை விரைவுபடுத்துவதில்லை, படியிலிருந்தும் அடுப்படியிலும் விபத்தைத்தான் விரைவுபடுத்தும். பிள்ளை தானே பிடித்து எழும்பித் தள்ளிச் செல்லும் மர நடைவண்டி வேறு. அதில் தன் நிறையைத் தாங்குவது பிள்ளையின் சொந்தக் கால்.

பல்லுக்கொழுக்கட்டை எப்போது செய்யலாம்?

பல் முளைத்த பிறகு! முதற்பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தையொட்டி வரும். ஒரு வயதுக்குப் பிந்தி வருவதும் உண்டு. இருபது பாற்பற்களும் மூன்று வயதளவில் நிறைந்துவிடும்.

அந்தச் சடங்கில் பிள்ளையைப் பாயில் இருத்தித் தலையில் கொழுக்கட்டை சொரிந்தபின், தட்டத்தில் உள்ள புத்தகம், பேனை, நகை, காசு ஆகியவற்றில் பிள்ளை எதை எடுக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எதை எடுக்கிறது என்பதைவிட எப்படி எடுக்கிறது என்று பாருங்கள். ஆறேழு மாதப் பிள்ளை உள்ளங்கை முழுவதையும் விரித்து வாரியெடுக்கும். ஒன்பது, பத்து மாதமானால் பெருவிரலும் சுட்டுவிரலும் கிள்ளியாக மாறிக் காசை நுனியில் எடுக்கும். பின்னாளில் பென்சில் பிடிப்பது அந்தக் கிள்ளல்தான். காசு உடனே வாய்க்குப் போகும் என்பதால் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கொழுக்கட்டையில் பல்லாகக் குத்தும் தேங்காய்ச் சொட்டும் தொண்டையில் அடைக்கக்கூடியது.

கிளினிக் கொப்பியில் உள்ள கோட்டை எப்படி வாசிப்பது?

பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பிலும் ஆண்பிள்ளைக்கு நீலத்திலும் தரப்படும் சுகாதார விருத்திப் பதிவேட்டைத்தான் நாம் கிளினிக் கொப்பி என்கிறோம். கொக்கியில் தொங்கும் தராசில் பிள்ளையைத் தொங்கவிட்டு நிறுத்துக் குடும்பநல உத்தியோகத்தர் புள்ளியிடுகிறார். ஒரு மாதத்துப் புள்ளி எந்த நிறப் பட்டைக்குள் விழுந்தது என்பதைவிட, மூன்று நான்கு மாதப் புள்ளிகளை இணைத்த கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். சிறிய பிள்ளை சிறிய அளவிலேயே பட்டைக்குச் சமாந்தரமாக ஏறிக்கொண்டிருந்தால் அது நலமான சிறிய பிள்ளை. கோடு படுத்துவிட்டால் அல்லது இறங்கினால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் காரணம் கேளுங்கள்.

என்ன கொடுத்தால் மூளை நன்றாக வளரும்?

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம். பிறகு தாய்ப்பாலோடு வீட்டுச் சாப்பாடு. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்தின் கையிருப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீரத் தொடங்கும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்திருப்பதோடு கவனிப்பதிலும் கற்பதிலும் பின்தங்கும். வன்னியில் இதற்குக் கடைக்குப் போக வேண்டியதே இல்லை. குளத்து மீனை முள்ளெடுத்து மசித்தும், முட்டை, பயறு, முருங்கையிலை, குரக்கன் என்று மாற்றி மாற்றியும் கொடுக்கலாம். தேசிக்காய்ப் புளி சில துளி சேர்த்தால் இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் கூடுதலாகச் சேரும். ஓடுகிற கஞ்சி வயிற்றை நிரப்பும், பிள்ளையை நிரப்பாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் தடிப்பு வேண்டும்.

இரண்டு பழக்கங்களைக் கைவிட வேண்டும். ஒன்று, சாப்பாட்டோடு பிளேன்ரீ கொடுப்பது. பெரியவர்கள் குடிக்கும்போது பிள்ளைக்கும் ஒரு வாய் என்று தொடங்கி, மூன்று வயதில் கால் கோப்பையாகிவிடுகிறது. தேயிலையில் உள்ள பொருள் இரும்பைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. மற்றையது, பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொடுவது. நம் காட்டுத் தேன் எவ்வளவு நல்லதாயினும், ஒரு வயதுக்குட்பட்ட குடலில் அதிலுள்ள ஒருவகைக் கிருமி நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

இரண்டு வயதாகியும் கதைக்கவில்லை. “தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்” என்று மாமி சொல்கிறார்.

மாமி சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை நம்பி ஒரு வருடம் போக்கடிக்கக்கூடாது. ஒரு வயதையொட்டி முதற்சொல்லும், இரண்டு வயதில் “அம்மா வா”, “சோச்சி தா” என்று இரண்டு சொல்லை இணைப்பதும், மூன்று வயதில் வெளியாளுக்கும் பெரும்பாலும் விளங்கும்படி கதைப்பதும் வழக்கம். ர, ற, ழ ஆகிய ஒலிகள் பிந்தியே திருந்தும். “மயம்” என்று மரத்தைக் காட்டினால் “ஓம், பெரிய மரம்” என்று நீங்கள் சரியாகச் சொன்னால் போதும், திருப்பிச் சொல்லென்று வற்புறுத்த வேண்டியதில்லை.

கதைக்காத பிள்ளையிடம் முதலில் பார்க்க வேண்டியது காது. முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது, சுட்டிக்காட்டல். கதை வராவிட்டாலும், ஒன்றரை வயதுப் பிள்ளை வானத்து விமானத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அது இல்லை, பெயர் சொன்னால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றால் ஓட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதிலும் தொடர்பாடலிலும் உள்ள விருத்தி வேறுபாடு, உள்ளதா என மருத்துவர் பார்க்க வேண்டும். முன்பு கதைத்த சொற்களை ஒரு பிள்ளை இழந்துவிட்டால், எந்த வயதாயினும், அந்த வாரமே காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது கதைகொடுப்பதுதான். உரலடியிலோ கிணற்றடியிலோ வேலை செய்துகொண்டே, செய்வதைச் சொல்லிக்கொண்டிருப்பதும், பிள்ளை “ங்கா” என்றாலும் அதை ஒரு பதிலாக மதித்து மறுமொழி சொல்வதும், எந்த விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளாலும் ஈடுசெய்ய முடியாதவை.

போனைக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறது. என்ன செய்வது?

இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்பதும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் கூறிய அறிவுரை. திரை பார்த்துச் சாப்பிடும் பிள்ளைக்குப் பசியும் நிறைவும் தெரியாமல் போகிறது. நிறுத்தினால் மூன்று நான்கு நாள் அமளி இருக்கும், பிறகு அடங்கும். வெளிநாட்டில் உள்ள தாயோ தகப்பனோ காணொளியில் பிள்ளையோடு கதைப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது திரையன்று, உறவு.

நாள் முழுக்க மண்ணில் விளையாடுகிறது. முன்பள்ளியில் எழுதப் பழக்கினால் நல்லதல்லவா?

மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுமையாக உருவாகவில்லை. அந்தக் கைக்கு வரிக்கொப்பியைவிட மண்ணும் மாவும் களியும் பொருத்தமானவை. விஜயதசமியில் ஏடு தொடக்கியதும் மறுநாளே எழுத்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், அரிசியில் விரலால் எழுதுவித்த அந்த வழக்கமே விரலுக்கு ஏற்ற தொடக்கம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

விளையாட்டைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கொக்கான் வெட்டும் சிறுமி ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் நிலத்தில் உள்ள மூன்றை அள்ளி, விழுவதையும் ஏந்துகிறாள்: கண்ணும் கையும் நேரக்கணிப்பும் எண்ணிக்கையும் ஒரே மூச்சில் வேலை செய்கின்றன. கிளித்தட்டில் கோட்டைக் காக்கும் பையன் ஓடவேண்டுமென்று துடிக்கும் காலை அடக்கிக்கொண்டு நிற்கிறான். எதிராளி எந்தப் பக்கம் பாய நினைக்கிறான் என்று ஊகிக்கிறான். தொட்டானா இல்லையா என்று சண்டைபிடித்து, தீர்ப்பை ஏற்று, மறுபடி சேர்கிறான். ஆசையை அடக்குவதும் பிறர் மனத்தை ஊகிப்பதும் விதியை மதிப்பதும் வகுப்பறையில் பாடமாகச் சொல்லித்தரக் கடினமானவை. சிரட்டையில் சோறு சமைக்கும் நான்கு வயதுப் பிள்ளை, மண்ணைச் சோறாக வைத்துக்கொள்ளும்போதே, ஒன்று இன்னொன்றைக் குறிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்கிறது. எழுத்து என்பதும் அதுதானே.

தரம் ஐந்து புலமைப்பரிசிலுக்கு மூன்றாம் தரத்திலேயே மாலை வகுப்பு வைத்து இந்த நேரத்தைப் பறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எட்டு மாதமாகிறது, அப்பம்மாவிடம்கூடப் போகாமல் அழுகிறது. பழுதாகிவிட்டதா?

இல்லை, தேறிவிட்டது. தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்தறியவும், கண்ணில் படாத தாய் வேறெங்கோ இருக்கிறாள் என்று நினைவில் வைத்திருக்கவும் மூளை கற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அப்பம்மா மனம் நோகாமல் சற்றுத் தள்ளி அமர்ந்து ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தால், பிள்ளை தானாகவே கிட்ட வரும்.

அடம் பிடித்து நிலத்தில் விழுந்து உருளுகிறது. அடிக்கலாமா?

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை இது வழக்கம். விருப்பம் வளர்ந்த வேகத்துக்குச் சொல்லும் பொறுமையும் வளர்ந்திருப்பதில்லை. உணர்ச்சியை அடக்கும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பது. பசியா, நித்திரையா என்று முதலில் பாருங்கள். முட்டிக்கொள்ளாத இடத்தில் விட்டு, கிட்ட இருந்து, அடங்கியபின் தூக்குங்கள். அழுததற்காகக் கேட்டதைக் கொடுக்கவும் வேண்டாம், அழுததற்காக அடிக்கவும் வேண்டாம். பாடசாலைகளில் உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தடைசெய்திருக்கிறது. வீட்டுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

பயமுறுத்துவது வேறொரு பழக்கம். “பிள்ளைபிடிகாரன் வருவான்”, “ஆமி பிடிச்சுக்கொண்டு போவான்” என்று சொல்லிச் சோறூட்டுவதை இன்றும் கேட்கிறோம். சொல்லும் அம்மம்மாவுக்கு அது வெறும் சொல்லல்ல, அவர் கண்டது. பிள்ளைக்கு அந்தப் பயம் சோற்றோடு சேர்ந்து போகும்.

போருக்குள் சிறுவராக இருந்தவர்கள் நாங்கள். எங்கள் மனநிலை பிள்ளையைப் பாதிக்குமா?

2009 மே மாதத்தில் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று கைக்குழந்தையோடு கிளினிக்குக்கு வருகிறார்கள். சிலர் 2012 வரை, போரில் இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள். பட்டாசுச் சத்தத்துக்கு உடல் உதறுவது, பிள்ளை கண்ணிலிருந்து மறைந்தால் மூச்சு முட்டுவது, சில நாள்களில் பிள்ளையைத் தூக்கினாலும் மனதில் எதுவும் தோன்றாமல் மரத்துப்போவது ஆகியவற்றை அவர்கள் சொல்வதுண்டு. பலர் சொல்லாமல் விடுவதுமுண்டு. வடக்கில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் வடு தனியாளோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்குவதைப் பற்றி விரிவாக எழுதியவர்.

அது பிள்ளைக்குப் போய்ச்சேரும் வழி முகம். அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் ட்ரொனிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் முகத்தை அசைவின்றி வைத்திருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, குரல் கொடுத்தது. பதில் வராதபோது முகத்தைத் திருப்பித் தளர்ந்தது. தாயின் முகம் மீண்டும் உயிர்பெற்றதும் குழந்தையும் மீண்டது. மனச்சோர்வு நீண்டுபோனால் அந்த முகம் நாள்கணக்கில் திரும்பிவராமல் இருக்கலாம். ஆகவே தாயின் மனச்சோர்வுக்கு மருத்துவம் செய்வதும் பிள்ளைக்குச் செய்யும் மருத்துவமே. அதைக் கேட்பதில் வெட்கமில்லை.

மறுபக்கமும் உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955 இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, குடும்பப் பிளவு, பெற்றோரின் மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களானார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, தம்மை விட்டு நீங்காத ஒரு பெரியவரின் அன்பு. பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மம்மா வளர்க்கும் பிள்ளைகள் நிறைந்த நம் ஊர்களில் இது கவனிக்கத் தக்கது.

“அப்பா எங்கே?” என்று கேட்கிறது. என்ன சொல்வது?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பந்தலில், படம் ஏந்திய மடியில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தகப்பனைப் பற்றிக் கேட்டவர்கள் அவர்களில் மூத்தவர்கள்; இன்று அப்பப்பாவையோ மாமாவையோ பற்றிக் கேட்பவர்கள் அடுத்தவர்கள். விபத்திலோ நோயிலோ தகப்பனை இழந்த பிள்ளையும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது.

இறந்தது உறுதியானால், இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். “நித்திரை கொள்கிறார்” என்றால் பிள்ளை நித்திரைக்குப் பயப்படும். “வெளிநாடு போயிருக்கிறார்” என்றால் ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இறப்பு மீளமுடியாதது என்று விளங்காது. நேற்றுச் சொன்னதை இன்றும் கேட்கும். ஏழு வயதளவில் விளங்கத் தொடங்கும்போது, அப்போதுதான் நடந்ததுபோல மறுபடி அழலாம். என்ன நடந்தது என்று தெரியாத நிலையில், “எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்” என்பதே உண்மை, அதையே சொல்லலாம். அதோடு, “நீ செய்த எதனாலும் அவர் போகவில்லை” என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகள் தம் குறும்பினால்தான் அப்பா போனார் என்று தாமே முடிவுகட்டிக்கொள்வதுண்டு, அதை வெளியே சொல்வதுமில்லை.

ஐந்து வயதாகியும் இரவில் பாய் நனைகிறது.

ஐந்து வயதில் இது பரவலானது, ஏசாமல் விடுங்கள். பல மாதம் நனைக்காதிருந்த பிள்ளை திடீரென மறுபடி நனைத்தால் சிறுநீரைச் சோதிக்கவும், வீட்டிலோ முன்பள்ளியிலோ ஏதும் நடந்ததா என்று அமைதியாக விசாரிக்கவும் வேண்டும்.

ஆராயும் வயதுப் பிள்ளையை எப்படிக் காப்பது?

நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான்கு வயது வரை துணிவு அறிவை முந்தி ஓடும். கட்டில்லாக் கிணற்றுக்கு வேலி, சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த வயல் மருந்துக்குப் பூட்டு, வாய்க்கால் கரையில் பெரியவர் ஒருவர். கண்ணிவெடி அகற்றல் முடியாத இடங்களும் உள்ள மண் இது. தெரியாத உலோகப் பொருளைத் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து சொல்ல வேண்டும் என்பதை முன்பள்ளி வயதிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள்.

சாமத்தியப்படும் வயது குறைந்துவிட்டதா?

பெண்பிள்ளையின் பூப்புப் பருவ மாற்றங்கள் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளையினது 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. மார்பு அரும்பி ஏறத்தாழ இரண்டு ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். அந்த இரண்டு ஆண்டுக்குள் தாயே விளக்கிவிட்டால், சாமத்திய வீட்டுப் பந்தலில் ஊரே அறிந்ததைப் பிள்ளை மட்டும் விளங்காமல் இருக்கும் நிலை வராது.

எப்போது, யாரிடம் போக வேண்டும்?

மூன்று மாதத்தில் தலை நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒன்பது மாதத்தில் துணையின்றி அமர்ந்திருக்கவில்லை. பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை, சுட்டிக்காட்டவில்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவிக்கிறது. அல்லது கற்றதை மறந்துவிட்டது என்றால் முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொப்பியோடு போங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், தேவையானால் மாவட்ட வைத்தியசாலையின் பிள்ளை மருத்துவ கிளினிக்குக்கும் அனுப்புவார். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும், உங்கள் மனம் தாங்கமுடியாமல் போனால் 1926 என்ற இலக்கத்துக்கும் அழையுங்கள்.

“கொஞ்சம் பார்ப்போம்” என்று யாராவது சொன்னால், எத்தனை வாரம், எதைப் பார்ப்பது என்று கேட்டுக் கொப்பியின் ஓரத்தில் திகதியோடு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.